வீதியில் பொங்கிய பால்

என் கணவருக்குப் பழைய வீட்டு விசர் பிடித்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். மற்ற ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமையென்றால் கடையில் வீடியோ எடுத்துவந்து சோபாவில் சாய்வார்கள். என்னுடையவர் விடியவே காரைக் கிளப்பி, என்னையும் ஏற்றிக்கொண்டு, மார்க்கம் நகரத்துக்கு வடக்கே சோள வயல்களுக்கு நடுவில் ஊர்ந்து திரிவார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். இவருக்கு அது காதில் விழாது. "இஞ்சேரும், அந்த முகட்டைப் பாரும்! அந்தப் புகைபோக்கியைப் பாரும்!" என்று கையை நீட்டுவார். கார் தன்பாட்டில் பள்ளத்தைப் பார்த்துப் போகும்.

ஊரில் அவர் கட்டடப் படம் வரைகிற வேலையில் இருந்தவர். ரொறன்ரோவில் யன்னல் சட்டம் பொருத்துகிற பக்டறி. கையில் பென்சில் இல்லாத குறையை இந்தப் பண்ணை வீடுகளில்தான் தீர்த்தார். ஒன்ராறியோவின் தெற்குப் பக்கத்துக் குடியேற்றக் கதை முழுக்க அவருக்குப் பாடம். "முதல் வந்தவன் காட்டை வெட்டி, அந்தக் குற்றியளை அடுக்கி ஒரு அறை கட்டுவான். ரெண்டு போகம் நல்லா விளைஞ்சுதெண்டால் அதுக்கு முன்னாலை பலகை வீடு. மகன்ரை காலத்திலை செங்கல். ஆனால் பழைய அறையை இடிக்கமாட்டான். அது பின்னுக்குப் போய்க் குசினி ஆகியிடும்."

"எங்கடை அப்பாட்மென்ற் குசினியிலை கரப்பான் கலியாணவீடு நடத்துது. நீங்கள் செத்துப்போன ஆக்களின்ரை குசினிக்கு வரலாறு சொல்லுங்கோ" என்பேன் நான். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் ஏறும்.

அப்படித் திரிந்த ஒரு நாளில்தான் அந்த வீட்டைக் கண்டார். பண்ணை விற்றாகிவிட்டது. வயலில் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள் எழும்பப் போகின்றன. நடுவில் நூறு வருடத்துக்கும் மேல் பழைய பலகை வீடு ஒன்று தனியாக நிற்கிறது. வேலியில் ஒரு அறிவித்தல்: வீட்டைச் சும்மா தருகிறோம், யாராவது தூக்கிக்கொண்டு போங்கள். இப்படி அநாதையாகிற வீடுகளைக் கொண்டுபோய் வைக்கவென்று யூனியன்வில் பக்கத்தில் ஒரு தெருவே ஒதுக்கியிருந்தார்கள். அங்கே ஒரு காணித்துண்டு எடுத்துக்கொண்டால் போதுமாம்.

"வீட்டைத் தூக்கிறதோ? வீடென்ன சூட்கேசோ?" என்று கேட்டேன்.

"ஒருக்கா உள்ளை வந்து பாரும்" என்றார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறதென்று தீர்மானித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

வீட்டுக்காரி அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார மனிசி. புருசன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில், அஜக்ஸில் ஒரு அப்பாட்மென்ற் எடுத்திருந்தா. றப்பர் பூட்ஸோடு நின்று, ஏதோ மாடு காட்டுகிற மாதிரி வீட்டைக் காட்டினா. முன் அறைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பின்னுக்குப் போனோம். குசினி. இவர் சொன்னது போலவே முழுக் குற்றிகளால் கட்டிய அறை. கோடரி கொத்திய தழும்பு ஒவ்வொன்றும் அப்படியே தெரிந்தது. சுவர் அவ்வளவு தடிப்பு என்பதால் யன்னலின் அடிக்கட்டின்மேல் ஒரு ஆள் தாராளமாக ஏறி இருக்கலாம். நான் ஏறி இருந்தேன். வெயில் முதுகில் பட்டது. கேட்க வந்த நாலு கேள்வியும் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் குசினி எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கலியாணத்துக்கு இவரைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிப் பிடிக்கவில்லை.

"இது முதல் கட்டின இடத்திலை இல்லை" என்று அந்த மனிசி சொன்னா. அவவின் ஆங்கிலத்தை என் தமிழில்தான் தருகிறேன். "என்ரை மனுசன்ரை பூட்டன் இதை ரெண்டு பண்ணை தள்ளி வாங்கி, பனிக்காலத்திலை குதிரை பூட்டி இழுத்துக்கொண்டு வந்தவர். வழி முழுக்க அடுப்பு எரிஞ்சதாம். அவற்றை மனிசி, எங்கடை பூட்டி, அடுப்பை அணைக்கமாட்டன் எண்டு உள்ளையே இருந்து சூப் காய்ச்சினவவாம்."

இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் யன்னல் கட்டிலிருந்து இறங்கவே இல்லை.

காணி எப்படி வந்தது, வங்கி எப்படி ஓமென்றது, இவரின் தமையன் எப்படிக் கையெழுத்து வைத்தார் என்கிற கதை இங்கே வேண்டாம். வந்தது. ஆனால் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரல் என்றதும் நான் ஒரு சொல் சொன்னேன்: "இந்தமுறை நேரம் நான்தான் பாப்பன். நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

காரணம் இருவருக்கும் தெரியும். ஊரில் நாங்கள் ஒரு வீடு கட்டினோம். படம் இவரே வரைந்தது. குடிபூருகிறதுக்கு நாள் பார்க்கப்போன என்னைப் பகிடி பண்ணி, "மேசன்மாருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான், பின்னேரம் அஞ்சு மணிக்குப் பாலைக் காய்ச்சும்" என்றார். பச்சை ராகுகாலம். நான் அழுதுகொண்டே காய்ச்சினேன். அந்த வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தோம். பத்தொன்பதாம் நாள் செல் குண்டு விழத் தொடங்கி, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வீடு, எத்தனை அறை, எத்தனை பேரின் நிலக்கீழ் வீடு! ராகுகாலத்தால்தான் செல் விழுந்ததென்று சொல்லுகிற அளவுக்கு நான் மொக்கு இல்லை. ஆனாலும் எனக்கு இந்த முறை நல்ல நேரத்தில் பால் பொங்கவேண்டும். அவ்வளவுதான். எனக்கு ஒரு வீடு நிலைக்கவேண்டும்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரே ஒரு நாள் தந்தார். வைகாசியின் கடைசி ஞாயிறு, காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று ஐந்து வரை. அதை விட்டால் ஆனியும் ஆகாது, ஆடியும் ஆகாது, ஆவணிதான். ஆவணி வரைக்கும் புல்டோசர்காரன் காத்திருப்பானோ? வீடு தூக்குகிற கொம்பனிக்காரரும் அதே ஞாயிறுதான் வீதிக்கு அனுமதி கிடைத்திருக்கென்றார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம். "பாத்தீங்களோ? கடவுளும் வீதி இலாகாவும் ஒண்டாச் சொல்லியிருக்கினம்!"

அங்கேதான் ஒரு மொக்குவேலை பார்த்தேன். எங்கள் ஆட்கள் வேறு யாரென்றாலும் அதையேதான் செய்திருப்பார்கள். புது வீட்டுக்குள் சாமிதான் முதல் போகவேண்டுமல்லவா? சனிக்கிழமை பின்னேரமே பண்ணைக்குப் போய், சாமிப்படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், சீனி, சாம்பிராணி, கடதாசிக் கோப்பை, புதுப் பானை, பானை வைக்கிற சின்ன காஸ் அடுப்பு எல்லாவற்றையும் குசினி அலுமாரிக்குள் துணி சுற்றி வைத்தேன். வீடு காலை ஒன்பது மணிக்குக் காணிக்கு வந்துவிடும், அலுமாரியைத் திறந்து பாலைக் காய்ச்சுவோம் என்பது கணக்கு. வீடு தூக்குகிறவர் "மோர்னிங்" என்று சொன்னதை நான் ஒன்பது மணி என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது வெளிக்கிடுகிற நேரம்.

ஞாயிறு காலை புதுக் காணியில் என்ன இருந்தது தெரியுமோ? ஒரு குழி. அத்திவாரத்துக்கு வெட்டிய பெரிய சதுரக் குழி. குழிக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, இவரின் தமையன் வாழைக்குலை கட்டி, மாவிலை தூக்கியிருந்தார். அறுபது சனம் பட்டுச் சேலையும் வேட்டியுமாகக் குழியைச் சுற்றி நின்றது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் குடும்பம் கோப்பிக் கோப்பையோடு வாசலில் இருந்து பார்த்தது. ஐயர் வேட்டிக்குக் கீழே சப்பாத்துப் போட்டுக்கொண்டு குழியை மூன்று தரம் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார். மணி ஒன்பதரை.

"பிள்ளை, வீடு எங்கை?"

"வருது ஐயா."

"எங்கை வருது?"

அதுதான் எனக்கும் தெரியாது. பால் பை இரண்டை எடுத்துக்கொண்டு, ஒரு அன்ரியின் வாகனத்தில் ஏறி, வீட்டைத் தேடிப் போனேன். அன்றைக்கு என்னைக் கண்டவர்கள் நினைத்திருப்பார்கள், வீட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாளென்று. உண்மையும் அதுதான்.

மூன்று மைல் தள்ளி வீதியின் நடுவில் நின்றது என் வீடு. சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பிறகு சிரிப்பு வந்தது. முழு வீடு! முகடு, யன்னல், வாசல்படி இல்லாத வாசல், எல்லாம் இரும்பு உத்தரங்களில் ஏறி, எண்ண முடியாத சில்லுகளின்மேல், முன்னால் ஒரு லொறி, பக்கத்தில் கட்டையோடு நடக்கிற ஆட்கள். ஊரில் தேர் இழுக்கிறபோது சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் நடக்கிற அதே நடை. பின்னால் பொலிஸ் கார், அதற்குப் பின்னால் பழைய வீட்டுக்காரி தன் ரக்கில். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் மஞ்சள் தொப்பியோடு, எல்லோருக்கும் தேவையில்லாத புத்திமதி சொல்லிக்கொண்டு நின்றார்.

"ஏன் நிக்குது?" என்று கத்தினேன்.

"மேப்பிள் கொப்பு" என்றார். வீதிக்குக் குறுக்கே ஒரு பெரிய கொப்பு கூரையில் முட்டி நின்றது. வெட்டக் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். காணிக்காரர் சேர்ச்சுக்குப் போயிருந்தார். பூசை முடிந்துதான் வருவாராம்.

மணி பத்து பத்து. பிறகு பத்து இருபது. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. பானை மேலே அலுமாரிக்குள், பால் என் கையில், குழியில் ஐயர். இன்னொரு தடவை வேண்டாம், கடவுளே, இன்னொரு தடவை வேண்டாம் என்று வாய் புறுபுறுத்தது.

பழைய வீட்டுக்காரி ரக்கிலிருந்து இறங்கி வந்து என்ன பிரச்சினையென்று கேட்டா. சொன்னேன். நல்ல நேரம், பால், பானை, பத்தொன்பது நாள், எல்லாவற்றையும் உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். அவ ஒரு நிமிடம் வீட்டைப் பார்த்தா. பிறகு, "பூட்டி சூப் காய்ச்சினவ. உனக்குப் பால் காய்ச்ச ஏலாதோ?" என்று கேட்டுவிட்டு, நேரே வீடு தூக்குகிறவரிடம் போனா.

அவர் தாடி வைத்த மலை போன்ற மனிதர். ஓடுகிற வீட்டுக்குள் ஆள் ஏறினால் காப்புறுதி போய்விடும் என்றார். "இது ஓடேல்லை, நிக்குது" என்றா அவ. "நாற்பது வருஷம் என்ரை குசினி. நான் கதவைத் திறந்து விடுறன்." அவர் கொப்பைப் பார்த்தார், என் பட்டுச் சேலையைப் பார்த்தார், பத்து நிமிடம் என்றார்.

இவர் வாசலுக்கு அலுமினிய ஏணி சார்த்தினார். அவ முதல் ஏறிக் கதவைத் திறந்துவிட்டு இறங்கினா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கீழே இருந்து அந்த மனிசி என் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினா. வாசலுக்கு வந்தால், கோதாரி, இடது கால்தான் முன்னுக்கு நிற்கிறது! இடது காலை வைத்துக் குடிபூருகிறதோ? ஒரு படி கீழே இறங்கினேன். அவவின் கை விரலில் மிதித்துவிட்டேன். அவ ஏதோ சொன்னா, சேர்ச்சில் சொல்லுகிற சொல் இல்லை. காலை மாற்றி, வலது காலை வைத்து உள்ளே விழுந்தேன். விழுந்ததுதான், நடந்து போனதென்று சொன்னால் பொய்.

அலுமாரியைத் திறந்து சாமிப்படத்தை யன்னல் கட்டில் சார்த்தினேன். விளக்கை வைத்தேன். ஏற்ற நெருப்புப்பெட்டி இல்லை. என் பின்னால் ஏறி வந்த அவ தன் காற்சட்டைப் பையிலிருந்து லைற்றரை எடுத்துத் தந்தா. விளக்கையும் அடுப்பையும் ஏற்றினேன். பானைக்கு மஞ்சள் கட்டி, பாலை ஊற்றி வைத்தேன். மணி பத்து ஐம்பது. அப்போது வெளியே ஒரு இரைச்சல். எட்டிப் பார்த்தால் குழியில் நின்ற சனம் முழுக்கக் கார் காராக வந்து இறங்குகிறது, முன்னால் ஐயர்.

"குழிக்கு என்னத்துக்கு மந்திரம் சொல்லுறது?" என்றார் ஐயர், மூச்சு வாங்க. வீதியில் நின்று, யன்னலைப் பார்த்து அண்ணாந்து, மந்திரம் சொல்லத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சேர்ச்சுக்குப் போனவர் வந்தார். சம்மதம் சொன்னார். ஒருவன் மரம் அரிகிற வாளைப் பிடித்தான், கொப்பு விழுந்தது. தாடிக்காரர் முன்னால் நின்று கையைக் காட்டினார். எங்களை மறந்துபோனார். வீடு அசைந்தது!

"ஐயோ, போகுதப்பா!" என்று கத்தினேன். இவர் கீழே கையை ஆட்டி ஓடினார். இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? சாமிப்படம் சரிந்தது, அவ பாய்ந்து பிடித்தா. நான் பானையை இரண்டு பக்கமும் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். ஐயர் விடவில்லை. வீட்டோடு நடந்தபடியே மந்திரத்தைச் சொன்னார். பின்னால் அறுபது சனம். யாரோ ஒரு அங்கிள் "அரோகரா!" என்றார். அவ்வளவுதான், வீதி முழுக்க அரோகரா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிலத்தில் இருந்து, பானையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தேன். அவவும் சாமிப்படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தா.

சந்தியில் வீடு திரும்பியபோது பால் எழும்பியது. பதினொன்று இரண்டு! திரும்புகிற வீட்டில் பால் என்ன செய்யும்? ஒரு பக்கம் வழிந்து, மறுபக்கம் வழிந்து, சுற்றிவர வழிந்து, என் சேலைக்கும் ஒரு பங்கு தந்தது.

"எந்தப் பக்கம் பொங்கினது?" இவர் கீழே இருந்து கத்தினார். பார்த்தீர்களோ, நாளும் நேரமும் பகிடி என்றவர் கேட்கிற கேள்வியை!

"எல்லாப் பக்கமும்!"

நான் சாம்பிராணியை அடுப்பு நெருப்பில் தட்டினேன். யன்னலால் புகை பொங்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த பொலிஸ்காரப் பெடியன் வீடு எரிகிறதென்று சைரனைப் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தினான். "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தினான். வீட்டுக்காரி யன்னலால் தலையை நீட்டி, "ஓம், ரெண்டு பெண்டுகள். பால் காய்ச்சுறம்" என்றா. தாடிக்காரர் வந்து எங்களைக் கண்டார். அவருக்கு வந்த கோபத்தை நான் இங்கே எழுதமாட்டேன். கடதாசிக் கோப்பையில் சீனி போட்ட பாலை நீட்டினேன். குடித்தார். இன்னொன்று கேட்டார். பொலிஸ்காரன் கடமையில் குடிக்கலாமோ என்று யோசித்துவிட்டு, பால்தானே என்று குடித்தான்.

கடைசிக் கோப்பையை அவவுக்குக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு நின்றா, குடிக்கவில்லை. "இந்தக் குசினியிலை நாற்பது வருஷம் நான்தான் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தனான்" என்றா. "எனக்கு ஊத்தித் தந்தது நீதான் முதல்." பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏணியில் இறங்கிப் போனா.

வீடு குழிக்கு வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். ஞாயிறு, பச்சை ராகுகாலம்! ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "குடிபூரல் முடிஞ்சுது பிள்ளை, இது வீட்டைப் பார்க் பண்ணுற வேலை" என்று சொல்லி வாழைக்குலையில் ஒரு சீப்பை முறித்துக்கொண்டு போனார். அத்திவாரம் கட்டி, வீட்டை இறக்கி, தண்ணீர்க் குழாய் பூட்டி முடிய ஆவணி பிறந்துவிட்டது. அதுவரை ஸ்காபரோ அப்பாட்மென்றில் அதே கரப்பானோடுதான் இருந்தோம். குடிபூர்ந்த பிறகு குடியிருக்க இரண்டு மாதம் காத்திருந்த ஆட்கள் நாங்கள்தான்.

போய் இருந்த பிறகு நான் யாருக்கும் சொல்லாமல் நாளை எண்ணினேன். ராகுகாலத்தில் வீடு வந்து சேர்ந்த அந்த நாலே முக்கால் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாம் நாள் முழுக்க இவரோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

அடுத்த நாள் விடிய, தேத்தண்ணிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு யன்னல் கட்டில் ஏறி இருந்தேன். வெயில் முதுகில் பட்டது. பால் எழும்பி, விளிம்பைத் தாண்டி, புது அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அசையவில்லை.

"இஞ்சேரும், பால் பொங்குது!" என்று ஓடிவந்தார் இவர்.

"பொங்கட்டும் விடுங்கோ."

அணைக்கப் போன கையை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். பால் வழிந்து தீய்ந்து மணத்தது. அவர் என்னைப் பார்க்காமல், கோடரித் தழும்பு இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஓம். இண்டைக்கு இருபது. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்."